தேம்ஸில் இறங்கிவிட்டார்

குழிக்குள் மல்லாந்து கிடந்தபடி, மேலே எங்கோ ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேட்டேன். முதலில் ஒரு இருமல், பிறகு இன்னொன்று, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அது என்னோடு வந்தவனுடைய பழைய வெள்ளைக் கார். குளிர் நாட்களில் அது அப்படித்தான் இருமும். என் வலது முழங்கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். தம்பி உதவிக்கு ஆள் கூட்டிவரப் போகிறான் என்று நினைத்தேன். சத்தம் மலையடிவாரம் வரை போய் மெலிந்து நின்றது. அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பக்கத்திலிருந்த குளிர்சாதனக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். இலங்கையை விட்டு ஓடிவருவதற்கு முன் ஐந்து வருடம், பென்சில் கரி வெட்டும் சுரங்கம் ஒன்றில் நிலஅளவையாளருக்கு உதவியாளாக இருந்தவன் நான். ஒக்லாந்தில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. அவன் ஒருவன்தான் கேட்டான். தமிழ்நாட்டிலிருந்து தனியாக வந்தவன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். பொறியியல் படித்துவிட்டு எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தான். என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டான். ஞாயிறுகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

தேம்ஸ் நகருக்கு மேலே உள்ள மலைகளில் ஒரு காலத்தில் தங்கம் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன சுரங்கங்கள் பன்னச் செடிகளுக்குள் வாய் திறந்து கிடந்தன. அந்தப் பகுதியின் பெயர் கொரமண்டல். “நம்ம சோழமண்டலந்தான் அண்ணா, கப்பல் ஏறி இங்க வந்திருக்கு,” என்று அவன் முதல் நாளே சொன்னான். அவனுக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹெல்மெட், டார்ச், கயிறு, பிட்டுப் பொதி என்று கட்டிக்கொண்டு கிளம்புவோம். ‘உள்ளே வரக்கூடாது’ என்ற பலகைகளைத் தாண்டிப் போவோம். பாறையில் தட்டிப் பார்த்து, இது நிற்கும், இது விழும் என்று நான் சொல்வேன். எந்தப் பக்கம் தங்கம் ஓடியது, ஏன் இந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்தினார்கள் என்றெல்லாம் சொல்வேன். அவன் டார்ச்சை என் முகத்தில் அடித்துவிட்டு, “உள்ள வந்தா நீங்க வேற ஆளு அண்ணா,” என்பான். மேலே பெட்டி அடுக்குகிறவன், கீழே போனால் எல்லாம் தெரிந்தவன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் உழைத்தேன். அவனை அவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது ஒருவருக்கும் விளங்காது.

பழைய சுரங்கங்களில் நடைபாதையின் நடுவிலேயே கீழ்நோக்கிக் குழி வெட்டி, மேலே பலகை போட்டு மூடியிருப்பார்கள். நூறு வருடத்தில் பலகை உக்கிப் போகும், மேலே சேறு படிந்து தரை போலவே தெரியும். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த நானே அப்படி ஒன்றில் விழுந்தேன். அன்று ஞாயிறு, மத்தியானம். இருபது அடி ஆழம், அடியில் கணுக்காலளவு தண்ணீர். அவன் விளிம்பில் படுத்து டார்ச் அடித்தான். “அண்ணா, அசையாதீங்க. இதோ வந்துடறேன்,” என்றான். பிறகுதான் அந்தக் கார்ச் சத்தம்.

அடுத்த நாள் பின்னேரம் காட்டுப்பன்றி வேட்டைக்கு வந்த இரண்டு மாவோரிகளின் நாய்கள் என்னைக் கண்டுபிடித்தன. அதுவரை ஒருவரும் என்னைத் தேடவில்லை. தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏனென்றால் அவன் நேரே எங்கள் வீட்டுக்குப் போய், “அண்ணா தேம்ஸ்ல இறங்கிட்டாரு அண்ணி. யாரோ பழைய ஃப்ரெண்டப் பாக்கணுமாம். நாளைக்கு பஸ்ல வந்துடறேன்னு சொல்லச் சொன்னாரு,” என்று சொல்லியிருக்கிறான். மனைவி நம்பினாள். அவனுக்குப் பிட்டும் சம்பலும் போட்டாள். அவன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள். அவன் செய்ததில் அவளால் தாங்க முடியாமல் போனது அந்த நித்திரையைத்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப் பழத்தோடு வந்தான். வழி தவறிவிட்டது என்றான், பயந்துவிட்டேன் என்றான். “தேம்ஸில இறங்கினவர் எண்டு ஏன் சொன்னீர்?” என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “என் ஃபைல் ஆபீசர் டேபிள்ல இருக்கு அண்ணா. போலீஸ் கேஸ்னு ஏதாவது வந்தா எல்லாம் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?” என்றான். அப்போதாவது அழுதிருக்கலாம். அவன் அழவில்லை.

பிறகு தமிழ்ச் சனத்துக்குள் வேறொரு கதை உலாவியது. சத்தம் போடாமல் போ, ஒருவருக்கும் சொல்லாதே என்று நானேதான் அவனை அனுப்பினேனாம். தலையில் அடிபட்டதில் எனக்கு ஞாபகம் குழம்பிவிட்டதாம். அவனுடைய ஆங்கிலம் நல்லது, படிப்பு நல்லது, கோவிலில் கதிரை அடுக்குவதற்கு முதல் ஆளாக நிற்பான். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து சொன்னார்: “விடும் ஐசே. இளம் பெடியன், பயந்திட்டான். நீர் தப்பிட்டீர்தானே.” அவனுக்கு விசா வந்தது. நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் அந்தச் செயலாளரின் தங்கை மகளுக்கே அவனை மாப்பிள்ளையாகப் பேசினார்கள். நான் ஒரு காலை இழுத்துக்கொண்டு அதே கிடங்கில் நின்று பெட்டிகளில் சீட்டு ஒட்டினேன்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரம் நான் அவனுக்கு டெலிபோன் எடுத்தேன். பழையதை மறப்போம், ஒரு நல்ல சுரங்கம் கண்டுபிடித்திருக்கிறேன் என்றேன். “எப்ப போலாம் அண்ணா?” என்றான். என்னோடு அவன் கூடித் திரிவதைச் சனம் கண்டால் அந்தக் கதை முழுவதும் மண்ணுக்குள் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, “செய்யுங்கோ. அவன் திரும்பவும் இஞ்சதான் வருவான். அப்ப நான் கதைக்கிறன்,” என்றாள்.

அந்தச் சுரங்கத்துக்கு முந்திய வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நடுவில் தண்ணீர் நிறைந்த குழி ஒன்று. அதைச் சுற்றிப் போக ஒரு அடி அகலத்தில் பாறை விளிம்பு. அதைக் கடந்தால் பக்கச்சுவரில் ஒரு ஆள் நிற்கக்கூடிய குடைவு. கயிற்றை அவன் தோளில் மாட்டிவிட்டு, நான் முன்னால் நடந்தேன். ஒரு வளைவில் அவன் கண்ணிலிருந்து மறைந்ததும் விளிம்பைக் கடந்து, என் டார்ச்சை அணைத்தேன். ஒரு தரம் கத்தினேன். தயாராக எடுத்துவைத்திருந்த பெரிய கல்லைத் தண்ணீரில் போட்டேன். பின்னாலேயே என் ஹெல்மெட்டையும் எறிந்துவிட்டுக் குடைவுக்குள் ஒட்டிக்கொண்டேன்.

அவன் ஓடிவந்து குழியின் விளிம்பில் நின்றான். தண்ணீரில் டார்ச் அடித்தான். அலை இன்னும் அடங்கவில்லை, ஹெல்மெட் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவனிடமிருந்து நாலைந்து அடி தூரத்தில் இருட்டில் நின்றேன். தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தேன். “அண்ணா,” என்று கூப்பிட்டான். ஒரே ஒரு தரம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெல்லிய குரலில். கயிறு அவன் தோளிலேயே இருந்தது. அதை அவன் தொடக்கூட இல்லை. பிறகு டார்ச்சைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே நடந்தான். ஓடவில்லை, நடந்தான்.

கார் என்னுடையது, சாவி என் பொக்கற்றில். அவன் வெளியேறியதும் நானும் சுரங்கத்தை விட்டு வந்து, மலைச்சரிவில் பன்னங்களுக்குப் பின்னால் இருந்து அவன் இறங்கிப் போவதைப் பார்த்தேன். வீதியோரம் ஒரு பண்ணை வீடு இருந்தது, டெலிபோன் கம்பி தெளிவாகத் தெரிந்தது. அவன் அதன் படலையடியில் நின்றான். நாய் குரைத்தது. உள்ளே இருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். அவன் படலையைத் திறந்திருந்தால், அந்தக் கிழவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அங்கேயே இறங்கிப் போய் அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். கல்யாணத்தில் முன்வரிசையில் இருந்திருப்பேன். இது சத்தியம். அவன் கிழவிக்குக் கை காட்டிவிட்டு வீதியில் இறங்கி, வந்த லொறி ஒன்றை மறித்து ஏறிப் போனான்.

நான் எங்கும் நிற்காமல் ஓட்டி அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, காரைப் பக்கத்து வீட்டுக் கராஜில் விட்டேன். மனைவி சங்கச் செயலாளரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர் மேசையில் இருந்தார். நான் சேறு படிந்த சப்பாத்துக் காலோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் அவன் வந்தான். முதலில் தன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மனைவி பிறகு சொன்னாள். தலைமயிர் ஈரமாக வாரியிருந்ததாம், இஸ்திரி போட்ட சேட்டாம். செயலாளரைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி, பிறகு சிரித்தானாம்.

“எங்க தம்பி அவர்?” என்றாள் மனைவி.

“தேம்ஸ்ல யாரையோ பாக்கணும்னு இறங்கிட்டாரு அண்ணி. என்னைய பஸ்ல ஏத்தி விட்டுட்டாரு. நாளைக்கு வந்துடுவாராம்.”

“சரி, நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ.”

சாப்பாட்டுக் கோப்பையில் பிட்டு விழும் சத்தம் கேட்டது. அவன் சாப்பிடும் சத்தமும் கேட்டது. மனைவி அவசரப்படவில்லை.

“கால் நோவோட போன மனுசன். ஏதும் சொன்னவரோ தம்பி?”

“இல்ல அண்ணி. நல்லாத்தான் இருந்தாரு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு.”

“இஞ்சேருங்கோ,” என்று அவள் என் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “வெளிய வாங்கோ. தம்பி சாப்பிட்டு முடிச்சிட்டார்.”

நான் கதவைத் திறந்தேன். அவனுக்குச் சொல்வதற்கென்று எத்தனையோ வசனங்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. என்ன நடந்தது என்று செயலாளருக்கு மட்டும் மூன்று வரியில் சொன்னேன். அவன் வெறும் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “உயிரோடதான இருக்கீங்க அண்ணா. அப்புறம் என்ன?” என்றான். செயலாளர் எழுந்து, கை கழுவி, அவனைப் பார்க்காமலே வெளியே போனார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. கோவிலிலும் அவன் கதிரை அடுக்கும்போது ஒருவரும் அவனோடு பேசவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் அவன் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான் இப்படிச் செய்தேன் என்று பிறகு சிலர் என்னைப் புகழ்ந்தார்கள். இல்லை. அவளைப் பற்றி நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. அவள் இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாள் என்று கேள்விப்பட்டபோதுகூட, அந்தக் குற்றத்தையும் அவன் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். ஆத்திரம் வந்தால் மனிதன் அப்படித்தான் சிந்திப்பான் போலும். இப்போது அந்த மலைகளில் கைப்பிடி வைத்து, விளக்கும் பலகைகள் நட்டு, குடும்பங்கள் உலாப் போகும் பாதையாக்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூப்பிடுகிறார்கள், நான் கால் நோகுது என்று மறுத்துவிடுகிறேன்.

சென்ற வருடம் ஒரு மத்தியானம், அவன் பிரிஸ்பேனில் இறந்துவிட்டான் என்று மனைவியின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. அவள் அதை வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது வருகிறதா என்று நானும் எனக்குள்ளே பார்த்தேன். பிறகு சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னேன். அவள் விட்டாள், தனக்கும் விட்டுக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.