தோற்றால்தான் மேடை

இந்தப் பயணத்தை இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் காய்ச்சல். அடுத்த வருஷம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம், அதுவும் சரியாக அதே தேதியில் வந்து தொலைத்தது. இந்த மாசியில் யார் வீட்டில் என்ன விசேஷமோ எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

எதற்காக என்றால், இந்த வலைப்பூவைப் படிக்கும் ஒரு தம்பி எப்போதோ எழுதிய பின்னூட்டம்தான் காரணம். திருமங்கலம் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை, எழுதிவிடாதீர்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகள் கெஞ்சினார்கள். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை ஹாஸ்டல் மாணவர்களுக்கும் வீட்டிலிருந்து வந்து போகும் டே ஸ்காலர்களுக்கும் கால்பந்துப் போட்டி நடக்கும். இரண்டு அணியும் பந்தோடு சேர்த்து ஒரே நாடகத்தையும் ஒரு மாசம் ஒத்திகை பார்க்கும். தோற்ற அணிதான் அன்று மாலை அந்த நாடகத்தை நடிக்க வேண்டும். ஜெயித்த அணி திரை இழுக்கும், விளக்குப் பிடிக்கும், பார்க்க வந்தவர்களுக்கு டீ கொடுக்கும். ஆட்டம் சமமாக முடிந்தால், போன வருஷம் ஜெயித்தவர்கள் தோற்றதாகக் கணக்கு. எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போயிற்று.

மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பத்தே முக்கால். திருச்சியிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள், அதைப் பற்றி எழுதி உங்கள் மனதையும் புண்படுத்த வேண்டாம். பூ மார்க்கெட் பக்கம் போகவே இல்லை. போனால் பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். பதினொன்றே முக்காலுக்கு ராஜபாளையம் வண்டி. டிக்கெட் முப்பது ரூபாய்.

பக்கத்து இருக்கையில் என் வயதுப் பெண் ஒருவர் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பேச்சியம்மாள். செல்லூரில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கதான்க்கா எம் மகன் முத்து படிக்கிறான். கடைசி வருஷம். இன்னிக்கு நாடகம் போடுறான், பாக்கத்தான் போறேன்."

"ஹாஸ்டலா?"

"இல்ல, செல்லூர்ல இருந்துதான் தெனமும் போயிட்டு வாரான். பந்து வெளையாடுற கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்."

"அப்ப தோத்தாத்தானே நாடகம்?"

"தோத்துருவான்," என்றார், சந்தேகமே இல்லாமல். "தோக்கணும்னு பாண்டி கோயில்ல வேண்டிட்டுத்தான் வாரேன்."

பிள்ளை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாயை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். போன இரண்டு வருஷமும் முத்துவின் அணி ஜெயித்துவிட்டது. மேடை ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடித்தபோதெல்லாம் பேச்சியம்மாளுக்குப் பட்டறையில் லீவு கிடைத்ததில்லை. ஜூன் மாதம் அவன் ஓசூருக்கு வேலைக்குப் போகிறான். ஆக, மகன் மேடையில் நிற்பதைப் பார்க்க இந்த ஒரு நாள்தான் மிச்சம்.

"தெனமும் ராத்திரி வசனம் பேசுவான்க்கா. சுத்திலும் தறிச் சத்தம், அதுக்கு மேல கத்துவான். ஆடு திருடனப் பிடிக்கப் போன ஏட்டு, திருடன் வீட்லயே கறிச்சோறு திங்க உக்காந்துருவாரு. எம்புட்டுச் சிரிப்பு தெரியுமா! பாதி வசனம் எனக்கே மனப்பாடம்."

திருமங்கலம் கடந்து ஒன்பது கிலோமீட்டரில் இறங்கினோம். பல்கலைக்கழக வாசலிலிருந்து மைதானம் ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய், நாங்கள் நடந்தோம். அந்த வெயிலில் அது புத்திசாலித்தனமான முடிவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து எனக்கும் புளிசாதம் வைத்தார்.

மூன்றரைக்கு ஆட்டம். முத்து ஒல்லியான பையன், குரல் மட்டும் ஆளைவிடப் பெரிசு. ஆட்டத்துக்கு முன்னால் ஓடி வந்து, "அம்மா, தலைய மூடிக்கங்க, வெயிலு" என்று தன் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனான். இடைவேளை வரை கோல் இல்லை. அப்புறம் ஹாஸ்டல் ஒன்று போட்டது. பேச்சியம்மாள் கை தட்டினார். சுற்றியிருந்த டே ஸ்காலர் பிள்ளைகள் திரும்பி முறைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இவர்கள் ஒன்று போட, ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. இப்படியே முடிந்தாலும் முத்துதான் நடிப்பான் என்று அவருக்குச் சொன்னேன். நிம்மதியாக முந்தானையால் விசிறிக்கொண்டார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெனால்டி கொடுத்தார்கள். டே ஸ்காலர் அணிக்கு. அடிக்கப் போனது முத்து.

"என்னக்கா, எல்லாரும் எந்திரிக்கிறாங்க?"

"உங்க மகன் தனியா அடிக்கப் போறான். உள்ள போனா ஜெயிச்சிருவாங்க. வெளிய போனா நாடகம்."

முத்து பந்தை வைத்தான். ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தான். நாலு எட்டு பின்னால் போய், ஓடி வந்து அடித்தான். இடது மூலையில் பந்து பாய்ந்து வலை எகிறியது. "கோல்!" என்று நான் கத்திக்கொண்டு எழுந்து குதித்தேன். எல்லாம் தெரிந்தவள்தான் நான். ஒரு மணி நேரம் பஸ்ஸில் கதை கேட்டவள், புளிசாதம் தின்றவள். குதித்து முடித்துக் கீழே பார்த்தால், அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது.

"போயிருச்சாக்கா?" என்று கேட்டார்.

"போயிருச்சு."

மனசு கேட்காமல் நாடகப் பொறுப்பாசிரியரைத் தேடிப் போனேன். ஒரே ஒரு காட்சியாவது முத்துவை நடிக்க விடச் சொல்லிக் கேட்கலாம் என்று. நான் போகிற வேகத்திலேயே புரிந்துகொண்டு வழியில் முத்துவே மறித்தான். "கேக்காதீங்க ஆன்ட்டி. ஹாஸ்டல் கேப்டனும் ஒரு மாசமா இதே ஏட்டு வேஷத்துக்குத்தான் உசுரக் குடுத்திருக்கான். அவன் அப்பா ராமநாதபுரத்துல இருந்து வந்து உக்காந்திருக்காரு." அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஆறரைக்கு நாடகம். கோல்போஸ்ட்தான் மேடை. குறுக்குக் கம்பியில் நீலத் திரையைக் கட்டி, வலையைக் கழற்றிப் பின்னால் படுதா விடுகிறார்கள். வலது கம்பத்தருகில் புழுதி படிந்த ஜெர்சியோடு கயிற்றைப் பிடித்தபடி முத்து நின்றான். ஹாஸ்டல் பையன் மோசமாக நடித்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். பிரமாதமாக நடித்தான். கறிச்சோறு காட்சியில் பேச்சியம்மாளே சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு கயிற்றுப் பக்கம் பார்த்தார். அங்கே முத்துவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நாடகம் முடிந்து திரையை இழுத்துவிட்டு எங்களுக்கு டீ கொண்டுவந்தான். அவர் வாங்கி அப்படியே கையில் வைத்திருந்தார், ஆறிப்போயிற்று.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்டக்டரிடம் "நாடக கிரவுண்டு" என்றால் போதும், இறக்கிவிடுவார். குடை அவசியம், மைதானத்தில் மேற்குப் பக்கம் மட்டும்தான் நிழல். சாப்பாடு கையோடு கொண்டு போங்கள், கேன்டீன் இரண்டு மணிக்கே மூடிவிடுகிறது. நாடகத்துக்கு முன்வரிசை வேண்டுமென்றால் ஆறு மணிக்கே துண்டு போட்டுவிடுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்துங்கள். மதுரைக்குத் திரும்ப எட்டே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

அந்த பஸ்ஸில்தான் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் நான், நடுவில் அவர், ஓரத்தில் ஆட்டத்தில் ஜெயித்த வெற்றிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முத்து. வண்டி திருமங்கலம் ஸ்டாண்டில் நின்றபோது பேச்சியம்மாள் கேட்டார்.

"வெளிய அடிச்சிருக்கலாம்லடா?"

முத்து கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படி நெனச்சுட்டுத்தாம்மா போனேன். பந்துகிட்ட வந்ததும் காலு கேக்கல."

வண்டி புறப்பட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தது.

"நானா இருந்தாலும் உள்ளதான்டா அடிச்சிருப்பேன்," என்றார். "ஆனா நீ அடிக்காம இருந்திருக்கலாம்."