பேர்ச் மரச் செதில்களும் ஈரக் கோட்டுகளும்

1. சேதம் என்று எழுதினேன்

கண்காட்சி திறக்க மூன்று நாட்கள் இருந்தபோது, அதிலிருந்த மிக அருமையான பொருளைப் பெட்டிக்குள் திரும்பப் போகவைத்தவன் நான். கவனமில்லாமல் செய்யவில்லை. முறைப்படி படிவம் நிரப்பி, கையெழுத்து வைத்துத்தான் செய்தேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

மொன்றியலில், வில்லரே பகுதியில் உள்ள சிறிய வடிவமைப்புக் கூடம் ஒன்றில் நான் இன்ஸ்டலேஷன் டெக்னீஷியன். பெட்டி பிரிப்பது, பொருளைச் சோதிப்பது, சுவரில் மாட்டுவது, லைட் போடுவது, முடிந்ததும் கழற்றிக் கட்டுவது, இவ்வளவும் எங்கள் பொறுப்பு. அப்போது சேர்ந்து நாலு மாதம். ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்தால்தான் நிரந்தரம். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். அதனாலோ என்னவோ, அச்சில் இருப்பதை அப்படியே நம்புவேன்.

தை மாதக் குளிரில் லாட்வியாவிலிருந்து கண்காட்சிப் பெட்டிகள் வந்தன. மைனஸ் இருபதில் வந்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் மூடியபடியே வைத்து, உள்ளே இருக்கும் மரத்தை அறைச் சூட்டுக்குப் பழகவிட வேண்டும். அப்படியே செய்தேன்.

லாட்வியா என்றால் மஞ்சள் அம்பர் கல் மாலைகள் வரும் என்று நினைத்திருந்தேன். முதல் பெட்டியில் ஒரு மர வாங்கு இருந்தது. அலை வற்றிப்போன பிறகு மணலில் கிடக்கும் வரிவரியான மடிப்புகளை அப்படியே உட்காரும் பலகையில் செதுக்கியிருந்தார்கள். அடுத்த பெட்டியில் லினன் துணிகள். எல்லாம் சாம்பல் நிறம், ஆனால் ஒன்றைப்போல் மற்றது இல்லை. பனிமூட்டம் கடலைவிட்டு விலகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு துணி நெய்ததுபோல இருந்தது. நாணலில் செய்த ஒரு விளக்கு. கரையில் உடைந்த பனிக்கட்டியின் விளிம்பு நிறத்தில் கண்ணாடிக் கிண்ணங்கள். கையுறையோடு கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தவன் கீழே வைக்க மறந்து நின்றேன்.

கடைசிப் பெட்டியில் ஆள் உயரச் சுவர்ப் பலகை ஒன்று. மீன் செதில்போல மெல்லிய பேர்ச் மரத் தகடுகள், ஆயிரக்கணக்கில், அதில் நெருக்கமாகப் பதிந்திருந்தன. செய்தவர் பெயர் இல்ஸே. கூட வந்த தாளில் ஒரே வரி: "தானாக அசையும். மின்சாரம் தேவையில்லை."

எங்கள் டீம் தலைவி ரஜனி அக்கா திருகோணமலைக்காரி. இருபது வருடமாக இதே வேலை. பலகையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பற்றரி எங்கையடா?"

"பற்றரி இல்லை அக்கா. தானா அசையுமாம்."

"எங்கட சங்கத்துக் கமிற்றி மாதிரிப் போல. அவையும் அசையிறம் அசையிறம் எண்டுதான் சொல்லுவினம்."

மாட்டிவைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு செதில்கூட அசையவில்லை. பொருளின் நிலையைப் பதியும் கண்டிஷன் ரிப்போர்ட்டை எடுத்து, "இயங்கவில்லை. பயணத்தில் சேதம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். சேதம் என்று ஒரு பொருளை எழுதிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை அதைக் காட்சிக்கு வைக்க முடியாது. அதற்கு வாரக்கணக்கு ஆகும். பலகையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தோம்.

2. இல்ஸே வந்தார்

அடுத்த நாள் காலை இல்ஸே விமானத்திலிருந்து நேரே கூடத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். தச்சு வேலை செய்து காய்த்துப்போன கைகள். திறந்த பெட்டிக்குள் கிடந்த பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்த அறையில் ஈரப்பதம் எவ்வளவு?"

அதைத்தானே நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்! "நாற்பத்தைந்து. முந்தாநாளும் நாற்பத்தைந்து. ஒரு புள்ளி ஆடவில்லை" என்று கருவியின் வரைபடத்தைக் காட்டினேன்.

"நல்ல வேலை" என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, பலகைக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல மெதுவாக ஊதினார். மூச்சு பட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் செதில்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நெத்தலிக் கருவாட்டைக் கையால் அளைந்தால் வருமே, அப்படி ஒரு மெல்லிய சத்தம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பப் படிந்துவிட்டன.

"நான் ஊதலாமா?" என்று கேட்டேன். ஊதினேன். என் மூச்சுக்கும் எழுந்தன.

அவருடைய பட்டறை ரீகா வளைகுடாக் கரையில், மணல்மேட்டுப் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறதாம். பைன் காய் ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தகட்டையும் இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறார். ஈரம் பட்டால் ஓர் அடுக்கு உப்பும், மற்றது உப்பாது, தகடு வளையும். பைன் காய்க்கு எதிர்மாறாக, ஈரத்துக்கு விரியும்படி அடுக்கை மாற்றிப்போட்டாராம். யன்னலைத் திறந்தால் கடல் மூட்டம் உள்ளே வரும், பலகை விரியும். மூட்டம் போனால் மூடும்.

சேதம் ஒன்றுமில்லை. காற்று மாறினால் அசைகிற பொருளை, காற்று மாறாத அறைக்குள் வைத்தவன் நான்.

3. இரண்டு வரி

கூடத்தின் ஈரப்பதத்தை ஏற்றி இறக்கவும் முடியாது. வாங்கு வெடிக்கும், லினன் இழுபடும். இல்ஸேவுக்கு அது விளங்கியது. "அப்படியென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்றார். மூன்று குளிர்காலம் அதில் வேலை செய்தவர். சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டடத்தில் காற்று எங்கே மாறுகிறது என்று யோசித்தபடி மேலும் கீழும் நடந்தேன். வாசல் நடை உறைந்துபோகும் குளிர். அதைத் தாண்டினால் வந்தவர்கள் கோட்டு மாட்டும் அறை. கூட்டம் வரும் நாட்களில் அந்த அறைக் கண்ணாடியில் முகம் தெரியாது, அவ்வளவு ஆவி. ரஜனி அக்காவிடம் ஓடினேன்.

"கோட்டு றூமிலையோ? உனக்கென்ன விசரே?"

"அங்கைதான் அக்கா ஈரம் ஏறி இறங்கும். எல்லாரும் ஸ்னோவோடதானே வருவினம்."

"ஈரக் கோட்டைச் சாமானுக்குக் கிட்ட விடாதையுங்கோ எண்டு இருவது வருசமாக் கத்திறன். நீ அதுக்குள்ளயே கொண்டுபோய்க் கொழுவப்போறாய்."

"இது அந்த ஈரத்துக்கெண்டே செய்த சாமான் அக்கா. ஊதிப் பாருங்கோ."

வந்து ஊதிப் பார்த்தார். இன்னொரு தரம் ஊதினார்.

"சரி. ஆனா சேதம் எண்டு கையெழுத்து வச்சிட்டாயே?"

"திருப்பி எடுக்கிறன்."

"எடுக்கிறதெண்டா நீ பிழையாச் சோதிச்சனி எண்டு எழுதவேணும். அது உன்ர பைலுக்குள்ள போகும். வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. யோசிச்சனியே?"

"யோசிச்சனான்" என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்பாவின் முகம் வந்து கையைப் பிடித்திருக்கும்.

"அப்ப எழுது. கட்டுரை வேண்டாம், ரெண்டு வரி காணும்."

எழுதினேன். "பொருளில் பழுது இல்லை. அது எப்படி அசைகிறது என்று கேட்டறியாமல் சேதம் என்று எழுதியது என் தவறு."

4. திறப்பு மாலை

பின்னேரமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பலகையைக் கோட்டுகளுக்கு எதிர்ச் சுவரில், கை எட்டாத தூரத்தில் மாட்டியிருந்தோம். கோட்டு வாங்கி நம்பர்த் துண்டு கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஹீட்டர் சூட்டில் அறை வறண்டு கிடந்தது. பலகை மரப்பட்டைபோல இறுக மூடியிருந்தது.

பத்துக் கோட்டு வந்தது. இருபது வந்தது. ஒன்றும் இல்லை. இல்ஸே கூடத்துக்குள்ளேயே நின்றார், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ரஜனி அக்கா மட்டும் இரண்டு தரம் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்டிலிருந்து வந்த ஒரு தமிழ் அண்ணை கோட்டைக் கழற்ற மறுத்தார்.

"கிடக்கட்டும் தம்பி. சும்மா ஒருக்காச் சுத்திப் பாத்திட்டுப் போறன்."

"தாங்கோ அண்ணை. உங்கட கோட்டு எனக்குத் தேவை."

"ஏன், உனக்கு அளவே?"

சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். தோளில் இருந்த பனி உருகி என் கையில் வழிந்தது. அதை மாட்டிவிட்டுத் திரும்பியபோது பலகையின் மேல் வரிசையில் நாலைந்து செதில்கள் எழுந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வரிசை எழுந்தது. பிறகு அதற்குக் கீழ் வரிசை. காற்று வயலைத் தடவிக்கொண்டு போவதுபோல, மேலிருந்து கீழாக அத்தனை செதில்களும் வரிசை வரிசையாக விரிந்தன. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பலகைப் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கருவாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"உதென்ன தம்பி, உயிரோட கிடக்கோ?" புரோசார்ட் அண்ணையின் குரல் ரகசியம்போல வந்தது.

"உங்கட கோட்டு ஈரத்துக்குத்தான் அண்ணை."

அவர் தன் கோட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரும்பவும் கோட்டைப் பார்த்தார்.

எப்போது வந்தார் என்று தெரியாது, இல்ஸே வாசற்கதவில் சாய்ந்து நின்றார். "கடல் மூட்டத்துக்கு இது பாதிதான் விரியும்" என்றார். "முழுதாக விரிந்து நானே இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

போகும் நேரத்தில் ஒவ்வொரு கோட்டாகப் போகப்போக, செதில்கள் படியத் தொடங்கின. அதைக் கவனித்த சிலர் நம்பர்த் துண்டை நீட்டாமல் ஒதுங்கி நின்றார்கள். "மற்றாக்களுக்குக் குடும் தம்பி, நான் பேந்து எடுக்கிறன்" என்றார் புரோசார்ட் அண்ணை. பலகையில் கடைசி இரண்டு வரிசைகள் விரிந்தபடி நின்றன.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த இரண்டு வரி இன்னும் என் பைலில்தான் இருக்கிறது, ரஜனி அக்கா அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சேதம் என்று எழுதுவதற்கு முன்னால், செய்தவரைக் கூப்பிட்டு அந்தப் பொருளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்காததால், அது பெட்டிக்குள்ளேயே ஊர் திரும்பப் பார்த்தது.