மணத்தக்காளி பறித்த கோடை

தேயிலை விலை விழுந்த காலம் அது. நீலகிரியில் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் என் கணவர் கிளார்க்காக இருந்த ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. சம்பளம் எப்போது வரும் என்று அவரிடம் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிப்பதும் நின்றுபோனது. கோடை மழை விழுந்ததும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மணத்தக்காளியும் வல்லாரையும் தளதளவென்று கிளம்பின. காய்ச்சலில் கிடந்து எழுந்த எனக்கு வாயெல்லாம் புண். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்த ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாதான் மணத்தக்காளி தின்னச் சொன்னார். வாய்க்கு மருந்து என்று தொடங்கியது, கடையில் காய் வாங்க முடியாமல் தினப்படிக் குழம்பாகிவிட்டது. ரோட்டில் ஆள் இல்லாதபோது போய்ப் பறித்து, பைக்குள் போட்டு மேலே பேப்பரை மூடிக்கொண்டு வருவேன். கிளார்க் வீட்டுப் பெண் களை பொறுக்குகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

அந்தச் சமயம் பார்த்துக் கோயமுத்தூரிலிருந்து கணவரின் அண்ணன் மனைவி வந்து நின்றார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கஞ்சியும் கீரையும் வைத்தேன். வேறொன்றும் இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, மழைக்கு முளைக்கிற கீரையை ஒரு மாதம் தின்றால் உடம்பு புதுசாகிவிடும், அதனால்தான் வேறு எதுவும் சமைப்பதில்லை என்றேன். அவருக்குப் பிடித்துப்போனது. தானும் பறிக்க வருவதாகச் சொன்னார். மறுக்க வழியில்லை.

மறுநாள் காலை பறித்துக்கொண்டிருந்தபோது அந்த லயத்து அம்மா வந்தார். தன் மடியிலிருந்த கீரையில் ஒரு பிடி அள்ளி என் பையில் போட்டார். போகிற போக்கில், "ரேஷன் அரிசி வந்திருச்சு. சீக்கிரம் போய் வாங்கிக்கங்க. நேத்தும் வெறுங்கையோடதானே திரும்பினீங்க" என்றார்.

காது சுட்டது. நான் குனிந்தபடியே இருந்தேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி பறிக்க ஆரம்பித்தார்.

பிறகு பஸ் ஏறிக் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கி வந்தார். சமையலறையில் வைத்துவிட்டு, "கீரைக்குச் சோறு வேணுமல்ல, அம்மிணி" என்றார். அன்று சாப்பிட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. என் கணவர் அரிசியைப் பார்த்தார், அவரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்கா ஊருக்குத் திரும்புவதற்குள் என் வாய்ப்புண் ஆறிவிட்டது. மிளகாய் போட்ட ரசத்தை எரிச்சலில்லாமல் குடித்தேன். கீரை பற்றி நான் சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு கட்டு மணத்தக்காளியை ஈரத்துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரருக்கும் வாய்ப்புண்ணு அடிக்கடி வருதுங்க," என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். பஸ் நகர்ந்து வளைவில் திரும்பிய பிறகுதான் தலை நிமிர்ந்து அக்கா போன பக்கம் பார்த்தேன்.