முப்பத்தோராவது தடவை வந்த வால்

எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் என் கைடு மேல் என்றுதான் சட்டென்று சொல்வேன். அது பாதி உண்மை.

இரண்டு விண்மீன் கூட்டங்கள் மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. தொலைநோக்கியில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மோதலில் சிதறிய நட்சத்திரங்கள் அதில் நீள வாலாக வளைந்திருக்கும். வேகம், கோணம், எடை எல்லாம் கொடுத்து ஓட்டினால் மூன்று நாள் கழித்து விடை வரும். எனக்கு வால் வரவில்லை. குட்டையாக வந்தது, அறுந்து வந்தது, பல தடவை வரவே இல்லை.

"நம்பரை மாத்தி மாத்திப் போடும்மா. வால் வர்ற வரைக்கும் போடு" என்றார் கைடு. முப்பத்தோராவது தடவை வந்தது.

மாற்றிப் போடுவது குற்றமில்லை. ஆனால் முப்பது தடவை வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவர் வேண்டாம் என்றார். அவர் கையெழுத்துப் போடாமல் எனக்குப் பட்டம் கிடையாது. 'எங்கள் கணக்குப்படி இப்படித்தான் மோதியிருக்க வேண்டும்' என்று கட்டுரையை முடித்துவிட்டு, பொங்கலுக்கு எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், மனசுக்குள்தான்.

பொங்கல் கழிந்து எங்கள் மரவள்ளி லோடு ஜவ்வரிசி மில்லுக்குப் போனது. அப்பாவோடு நானும் போனேன். அங்கே கொஞ்சம் கிழங்கைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பார்கள். கிழங்கில் மாவு எவ்வளவு என்று அதில் தெரியும். அந்த எண்ணுக்குப் பாயிண்ட் என்று பேர், விலையும் அதை வைத்துத்தான். முதலில் இருபத்தெட்டு வந்தது. மில்காரர் எழுதவில்லை. கொட்டிவிட்டு வேறு கிழங்கு பொறுக்கினார். இருபத்தேழு. திரும்பவும் பொறுக்கினார், இந்தத் தடவை ஒல்லியும் வேருமாகப் பார்த்து. இருபத்தைந்து. பேனாவை எடுத்தார்.

"ஏங்க, மொதல்ல வந்ததை ஏன் எழுதல? உங்களுக்குப் புடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் முக்கிக்கிட்டே இருப்பீங்களா? இது பித்தலாட்டங்க!" என்று கத்தினேன். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"வுடு பாப்பா, நாளைக்கும் இங்கதான் வரோணும்" என்று அப்பா என் கையைப் பிடித்தார்.

மில்காரர் பதறவேயில்லை. "படிச்ச புள்ளைங்கறாங்க, இது தெரியாதாம்மா? நாலு தடவை பாத்துட்டுத்தான் ஒண்ணை எழுதுவாங்க."

நம்பரை மாற்றச் சொன்னது கைடு, சரி. முப்பத்தொன்றில் வால் வந்த ஒன்றை மட்டும் பொறுக்கியது யார் கை? திரையில் வால் வந்த அன்றைக்கு ஆராய்ச்சிக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முப்பத்தொரு ஓட்டத்தையும் ஒரு அட்டவணையாகப் போட்டுக் கட்டுரையில் சேர்த்துக் கைடுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"அந்த டேபிளை எடுத்துட்டு அனுப்பு. இல்லேன்னா கையெழுத்துன்னு என்கிட்ட வராதே."

அப்பா மிச்சக் கிழங்கையும் அதே மில்லுக்குத்தான் கொண்டு போனார். பக்கத்தில் வேறு மில் இல்லை. எனக்கும் வேறு கைடு இல்லை. அட்டவணையை நான் எடுக்கவில்லை. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.