இரண்டாம் பாகத்துக்கு வளர்த்த தாடி

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில்தான் அந்தப் பெரிய படத்தின் முதல் பாகத்தை எடுத்தார்கள். ஒரு காட்சியில் கேட்டைத் திறந்துவிட ஆள் வேண்டுமென்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கணவரையே நிறுத்திவிட்டார்கள். நாயகன் உள்ளே போனதும் அவர் திரும்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, நான் எதுக்குங்க அப்படிப் பாக்கறேன்?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

"அது ரெண்டாம் பாகத்துல தெரியும் சார். மூணு பாகத்துக்கும் கதை ரெடி. தாடியை மட்டும் எடுத்துடாதீங்க."

சவரம் செய்யச் சோம்பல்பட்டு முளைத்த தாடி அது. எனக்கு அப்போதே சந்தேகம். காலையில் நல்லவனாக நடித்த ஆளை மத்தியானம் வில்லனாக்கியதை, காபி கொடுத்துக்கொண்டே பார்த்தவள் நான். இவர்களா மூன்று பாகத்துக்கு யோசித்திருப்பார்கள்?

படம் ஓகோவென்று ஓடியது. என் கணவரின் பார்வையோடு முடிந்தது. "அந்தக் கேட்டுக்காரன் யாரு?" என்று யூடியூபெல்லாம் ஒரே பேச்சு. "அதையெல்லாம் கேட்டுத்தானுங்க இனிமேல் கதையே எழுதுவாங்க" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தரி பட்டால் அடுத்த பாகத்தில் முகம் ஒட்டாமல் கன்டினியூட்டி கெட்டுவிடுமாம். மகள் கல்யாணத்திலும் நெஞ்சுவரை தாடியோடுதான் நின்றார். எனக்கு மானம் போனது.

எங்கள் பக்கம் தாடி வளர்த்தாலே "பழனிக்குங்களா?" என்றுதான் கேட்பார்கள். சினிமாவுக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டு ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். சாமி பெயரில் எத்தனை நாள் பொய் சொல்வது? ஒருநாள் நிஜமாகவே நேர்ந்துகொண்டார். என்னவென்று என்னிடமும் சொல்லவில்லை.

சில வருசம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. இவரை யாரும் படப்பிடிப்புக்குக் கூப்பிடவில்லை. "பழைய ஷாட்டை வெச்சுப் பண்ணியிருப்பாங்க அம்மணி" என்றார். சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு கோயமுத்தூர் தியேட்டருக்கு, படம் வந்த முதல் நாளே போனோம்.

படம் தொடங்கியதுமே நாயகன் கேட்டான்: "கேட்டுல ஒருத்தர் இருப்பாரே?"

"அவர் செத்துட்டாருங்க."

அதற்குப் பிறகு கதை எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்ததுதான் நடந்தது, ஆனாலும் வயிறு எரிந்தது. வெளியே வந்ததும் இயக்குநரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பழனிக்கு எப்பப் போலாம் கண்ணு?" என்றார்.

"இன்னும் என்னத்துக்குங்க பழனி? அந்த முருகனும் சேர்ந்துதானே ஏமாத்திப்போட்டாரு!"

"சாமியத் திட்டாதே. ரெண்டாம் பாகம் வரோணும்னுதான் நேர்ந்தேன். அதுல நான் இருக்கோணும்னு கேக்க மறந்துபோட்டேன்."