இடப்பக்கத்தை நான் பார்த்துக்கொண்ட ஆறு மாதங்கள்

ஏனாத்தூர் நிறுத்தத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் கைகாட்டி நின்றார்கள். எங்கள் பேருந்து அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. நான் விசில் அடித்த பிறகுதான் டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஓடிவந்து ஏறியவர்கள் திட்டினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடம் வண்டி ஓட்டிய அந்த முகத்தில் பயத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து அது, நான் கண்டக்டர். அன்று மாலை டீக்கடைக்குள் நுழையும்போது அவருடைய தோள் கதவு நிலையில் இடித்தது. என்னவென்று கேட்டேன். "நேரா பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது தம்பி. ரெண்டு ஓரமும் இருட்டிக்கினு வருது. யாருகிட்டயும் சொல்லாதே. வண்டியை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த வருடக் கண் பரிசோதனையில் அவர் கடைசி வரி எழுத்துவரை படித்துத் தேறிவிட்டார். எதிரே மாட்டியிருப்பதைத்தானே படிக்கச் சொல்கிறார்கள். அடிக்கடி வந்த தலைவலிக்கு இன்ஜின் சூடு காரணம் என்று இருவருமே நம்பினோம். நான் முன்படியில் நின்றுகொண்டு இடப்பக்கம் சைக்கிள் வருகிறது, ஆடு நிற்கிறது என்று குரல் கொடுக்கப் பழகினேன். வலப்பக்கத்துக்கு அவரே கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். ஒரு நல்ல மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது. வண்டிக்குள் இருந்த அறுபது உயிர்களைப் பற்றி நினைத்ததாக ஞாபகம் இல்லை.

ஆறு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நண்பகலில், வாலாஜாபாத் நெருங்கும்போது, அவர் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ரோடு எங்கப்பா இருக்குது?"

பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார். சாலையோர மணலில் இறங்கி வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. அவர் வாந்தியெடுத்தபடி இருக்கையிலேயே சரிந்தார்.

சென்னையில் மூக்கு வழியாக அறுவை செய்தார்கள். மூளைக்கு அடியில் வளர்ந்திருந்த கட்டியொன்று, இரண்டு கண்களின் நரம்புகளும் கூடுமிடத்தை நெடுநாளாக அழுத்தி வந்திருக்கிறது. அன்று கட்டிக்குள்ளேயே இரத்தம் கசிந்து அது திடீரென்று வீங்கிவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். ஓரப் பார்வை எப்போதிலிருந்து குறைந்தது என்று அண்ணனின் மனைவியிடம் விசாரித்தார். அண்ணி தெரியாது என்றாள். நான்தான் ஆறு மாதம் என்றேன். அப்போதே வந்திருந்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் உயிர் பிழைத்தார். ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மறு கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. நான் இப்போது வேறு வண்டியில் போகிறேன். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். போன மாதம், பேச்சுவாக்கில், அவரே என் கையைத் தடவிப் பிடித்துச் சமாதானம் சொன்னார். "நீ வெளியே சொல்லியிருந்தா அன்னிக்கே என் வேலை போயிருக்கும் தம்பி."

அவருக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த அண்ணி நிமிராமலே சொன்னாள்:

"கண்ணு இருந்திருக்கும்."