கிணற்றடியில் வழுக்காத கால்

எங்கள் ஊரில் வளர்ந்த ஆம்பிளை ஓடக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்ததே ஓடிப் பார்த்த அன்றுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்தாறு வயது, கல்முனையில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, சாரனை மடித்துக் கட்டி, புதிதாக வாங்கிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஒழுங்கையிலிருந்து பெரிய தெருவை நோக்கி ஓடினேன். நாலு வீடு தாண்டவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் அப்போதுதான் கழற்றி அடுக்கிய கடைக் கதவுப் பலகைகளைத் திரும்ப எடுத்து மாட்டத் தொடங்கினார். ஒரு வேலிக்கு மேலால் தலை நீண்டு, என்ன சேதி என்று கேட்டது.

“தம்பி, என்ன வெசளம்? எங்க பிரச்சின?”

“ஒண்டுமில்ல காக்கா. சும்மா ஓடுறன்.”

“சும்மாவா?”

நான் காக்கா என்று கூப்பிட்ட அந்த மூத்தவர் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த வருடங்களில் ஒருவன் தெருவில் ஓடினால் இரண்டே காரணம்தான். ஒன்று, யாரோ இறந்த மௌத்துச் செய்தி. மற்றது, எங்கோ கலவரம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அன்று பின்னேரம் வரைக்கும் என்னைக் கண்டவர்களெல்லாம் நலம் விசாரித்தார்கள். உடம்பை அல்ல, மூளையை.

நான் ஏன் ஓடினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வாப்பா நாற்பத்தொரு வயதில் போனவர். வயலில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்தது; வரம்பில் குந்தினார், தண்ணீர் கேட்டார், தண்ணீர் வர முன்னம் சாய்ந்துவிட்டார். அந்த வருடம் எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “காலையில நல்லா நடங்க” என்றார். நடந்தால் மெதுவாகத்தானே குணமாகும் என்று நான் ஓடினேன். பொறுமை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

இதை வீட்டில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. தங்கச்சிமார் மூன்று பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்து முடித்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில்தான் நான் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். நாலு வருடம் கழித்து, நேர்ச்சையெல்லாம் வைத்து, அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பிள்ளைத்தாச்சி. ஆறாம் மாதம். இந்த நேரத்தில், நெஞ்சு வருத்தக்காரனுக்கா மகளைக் கொடுத்தோம் என்று மாமி யோசிப்பதை என்னால் தாங்க முடியாது. வீண் கௌரவம்தான்.

மாமியிடம் சொல்வதென்றாலும் நேரே சொல்ல முடியாது. அந்தக் காலத்து மாமிமார் மருமகனின் முகத்துக்கு நேரே வருவதில்லை, கதைப்பதுமில்லை. நான் முன்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தால், கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். “மகள், மாப்பிள்ளைக்கிட்டக் கேளு, இன்னும் கொஞ்சம் ஆணம் விடவா எண்டு.” மனைவி என் பக்கத்தில்தான் நிற்பாள், எனக்கும் காது கேட்கும். இருந்தாலும் அவள் கேட்பாள், நான் அவளிடம் பதில் சொல்வேன், அவள் அதைச் சீலைக்குச் சொல்வாள். நாலு வருடத்தில் மாமி என்னிடம் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெரு சரிவராது என்று தெரிந்த பிறகு கடற்கரைக்கு மாறினேன். விடியப்பறம் கடற்கரைக்குப் போகிற ஆண்கள் எதற்குப் போகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த மரியாதை எனக்கு உதவியது. சாரனுக்குள் கட்டைக் காற்சட்டை. சப்பாத்தைப் பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொள்வேன். கரைவலைக்காரர்கள் வலை இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “கிளாக்கர் கப்பலத் துரத்துறார்” என்பார்கள். சிரித்தாலும் விட்டுவிடுவார்கள். ஐந்து வாரம் ஓடினேன். முதல் வாரம் அரைக் கட்டை, அதாவது அரை மைல், போவதற்குள் நாக்குத் தள்ளியது. ஐந்தாம் வாரம் இரண்டு கட்டை. நெஞ்சு பயப்படுத்தாமல் ஒழுங்காக அடித்தது. வாப்பாவின் வயதைத் தாண்டிவிடுவேன் என்று உண்மையாகவே நம்பத் தொடங்கினேன்.

கடற்கரை சரிவானது. ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும் என்பது எனக்குத் தெரியாது. இடது காலில் வெளிப்பக்கம் ஒரு நோவு ஒரு கிழமையாகவே இருந்தது. ஓடினால் போகும் என்று ஓடினேன். அன்றைக்குத் தோணி இழுத்துப்போன இடத்தில் ஒரு குழி, மேலால் காய்ந்த மணல். இடது கால் உள்ளே போனது, கணுக்கால் உள்பக்கம் மடிந்தது, ஏதோ கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. இருந்த இடத்திலேயே குந்திவிட்டேன். கரைவலைக்காரர் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். கிட்டத்தட்ட ஒரு மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதையே கைத்தடியாக வைத்து வீட்டுக்கு வந்தேன்.

பின் படலையால் வளவுக்குள் போய், முதலில் கிணற்றடிக்குப் போனேன், கால் மணலைக் கழுவ. கழுவி முடிக்கும்போது மனைவி வந்தாள். கால் அதற்குள் வீங்கிப் பளபளத்தது.

“அல்லாஹ்வே! என்ன நடந்த?”

நான் நின்றது கிணற்றடியில். காலில் ஈரம். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

“வழுக்கிட்டுது” என்றேன்.

ஒரே சொல். ஒரு பொய் இவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, சவ்வு கிழிந்திருக்கிறது, மூன்று கிழமை காலை ஊன்றக் கூடாது என்றார்கள். துணிப் பட்டியால் இறுகச் சுற்றி அனுப்பினார்கள். நான் பின் விறாந்தையில் ஒரு கதிரையில், காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடி நேரே தெரியும். அது என் நல்ல காலம்.

முதல் நாளே சீலைக்குப் பின்னால் மாமியின் குரல் உயர்ந்தது. இந்தத் தடவை அது எனக்குச் சொல்லச் சொன்ன கதையல்ல. ஆனால் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லப்பட்டது.

“ஊட்டுக்கு வந்த மாப்பிள்ள கால ஒடச்சிட்டுக் குந்தி இரிக்கார். கிணத்துக் கட்டு பாசி புடிச்சிக் கிடக்கு. கண்ணில்லையா புள்ள உனக்கு? அவர்ர உம்மா வந்து கேட்டா நான் எந்த முகத்தோட நிக்கிற?”

 அடுத்த நாள் காலை மனைவி தேங்காய்த் தும்பும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு போய், வயிற்றைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் குந்தி, கிணற்றுக் கட்டைத் தேய்த்தாள். நான் கதிரையிலிருந்து பார்த்தேன்.

“விடுங்க, அதெல்லாம் வேணாம்” என்றேன்.

“நீங்க சும்மா இரிங்க. உம்மா சொல்ற சரிதானே.”

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாலு சொல்: கிணற்றடியில் விழவில்லை, கடற்கரையில் ஓடினேன். சொன்னால் ஏன் ஓடினாய் என்பார்கள், பிறகு நெஞ்சு வரும், வாப்பா வருவார். நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டேன். நாளைக்கும் அவள் தேய்த்தாள். அதற்கு அடுத்த நாளும். பாசி முதல் நாளே போய்விட்டது. அவள் தேய்த்தது மாமியின் வாயை.

கோபம் எனக்கு என் மேல்தான். ஆனால் அது போன இடம் கால். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். கதிரையில் இருந்து தொழலாம், மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் அப்போது எங்கள் பள்ளியில் கதிரை என்றால் எண்பது வயதுக்காரர் இரண்டு பேருக்கு மட்டும்தான். நான் போய் மூன்றாவதாக உட்காருவேனா? வரிசையில் நின்று, அத்தஹிய்யாத் இருப்பில் இடது பாதத்தை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் மடியக் கூடாதோ அந்தப் பக்கமாகவே அது மடியும். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் நான் இறையச்சத்தில் அழுகிறேன் என்று நினைத்து, சலாம் கொடுத்த பிறகு என் முதுகைத் தடவினார். இரண்டாவது பொய் வாயைத் திறக்காமலே முடிந்தது.

பன்னிரண்டாம் நாள், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஒழுங்கையில் பத்து அடி ஓடிப் பார்த்தேன். சும்மா, ஓடலாமா என்று. பத்தாவது அடியில் கால் விட்டுவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் விழுந்தேன். வீக்கம் முதல் நாளைவிடப் பெரிது, பாதம் முழுக்க நீலம். கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து மாமி சீலைக்குப் பின்னால் அழுதார். “இன்னும் வீங்குதே! அந்தப் பாசியில என்ன விசம் இருந்திச்சோ.” அடுத்த நாள் மனைவி இரண்டு தடவை தேய்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை இருக்கும். வெயில் ஏறிய நேரம், ஒன்பது மணி. மனைவி கட்டைத் தேய்த்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, எழும்பினாள். சாம்பல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த வழுவழுப்பு பாசியில் வராது. தேய்த்துத் தேய்த்து நாங்களே உண்டாக்கியது. அவள் ஒரு கையை இடுப்பில் வைத்தாள், ஒரு அடி எடுத்தாள், கால் முன்னால் போனது. பக்கவாட்டில் விழுந்தாள்.  வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழும்பினேன். இடது காலை ஊன்றினேன், விழுந்தேன். எழும்பி, கதிரையைத் தள்ளித் தள்ளிக் கிணற்றடிக்குப் போகும்போது அவளுடைய சீலை நனைந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் அல்ல.

“கார்! ஆராவது காருக்கு ஓடுங்க!” என்று கத்தினேன்.

ஓடுவதற்கு வீட்டில் யார் இருந்தது? ஐந்து வாரம் ஓடிப் பழகியவன் நான் மண்ணில் கிடந்தேன். அடுக்களைக் கதவால் மாமி வெளியே வந்தார். நாலு வருடத்தில் அன்றுதான் முதன்முதலில் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படலையால் ஓடினார். வெறுங்கால். ஐம்பத்தைந்து வயது, பாரமான உடம்பு. அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு வயதான பொம்பிளை முக்காடு நழுவத் தெருவில் ஓடுவதைக் கண்டதும், தேத்தண்ணிக் கடைக்காரர் பலகையை மாட்டினார். அடுத்த கடை சாத்தியது. பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். வாடகைக் கார் வைத்திருந்தவர் காரை வளவுக்குள் விட்டுக் கேற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். மாமி கேற்றைக் கையால் அடித்து, “கலவரமில்ல தம்பி, என்ட மகள்! மகளுக்குப் புள்ள!” என்று கத்தக் கத்த, அவருக்கு விளங்கவே நேரம் எடுத்தது. எவ்வளவு நேரம் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது மிக நீண்ட நேரம்.

பிள்ளை அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிறந்தது. எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது, பெண் பிள்ளை, உள்ளங்கை இரண்டில் அடங்கும். முதல் மூன்று நாள் ஒருவரும் எங்களுக்கு உறுதியாக எதையும் சொல்லவில்லை. நாலாம் நாள் பால் குடித்தது. ஆறாம் நாள், இனிப் பயமில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். 

அன்று பின்னேரம் நான் கைத்தடியோடு வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். சொற்களை எடுத்து ஒழுங்குபடுத்தியும் வைத்திருந்தேன். முதலில் மனைவியிடம், அவள் மூலம் மாமியிடம்.

மாமி வார்டுக்குள்ளிருந்து வந்தார். ஓடிய அன்று கண்ணாடித் துண்டு வெட்டிய பாதத்தில் துணி சுற்றியிருந்தது, அவரும் நொண்டித்தான் வந்தார். என்னைக் கண்டதும் வழமைபோலத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அங்கே சீலையும் இல்லை, நடுவில் நின்று கதை கடத்த மகளும் இல்லை. எனக்கு முன்னால் வந்து நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் நேரே சொன்னார்.

“மாப்பிள்ள, என்ன மன்னிச்சிக்கங்க. உங்கட காலும் போய், புள்ளயும் போகப் பார்த்திச்சி. அந்தப் பாசிய வச்சி நான்தான் மகளப் படாத பாடு படுத்தின. எல்லாம் என்ட வாயால வந்த.”

அதுதான் அவர் என்னிடம் நேரே பேசிய முதல் வார்த்தை. ஒழுங்குபடுத்தி வைத்த சொற்கள் எல்லாம் வாயில் இருந்தன. திறந்தால் வந்திருக்கும். அழுத முகத்தோடு, காயம்பட்ட காலோடு அவர் பதிலுக்காக நின்றார்.

“பரவாயில்ல மாமி” என்றேன். “மன்னிச்சிட்டன்.”

வீட்டுக்குத் திரும்பிய கிழமையே அவர் ஆளைக் கூப்பிட்டுக் கிணற்றுக் கட்டை உடைத்து, யாரும் வழுக்காதபடி சொரசொரப்பாகச் சீமெந்து போடுவித்தார். வாப்பாவின் வயதை நான் ஓடாமலே தாண்டினேன். மாமி மௌத்தாகும் வரைக்கும் பதினேழு வருடம் அந்தக் கட்டில் நின்றுதான் குளித்தேன். அவரிடம் சொல்லவில்லை.